மணி இருந்த முற்றம்

2024 ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் மணி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். கோயில் தெருவில் மாவு மில்லுக்குப் பின்னால் ஒரு நாட்டு நாய் போட்ட ஐந்து குட்டிகளில் அவன் ஒருவன். வயது ஆறு வாரம்; செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, பானை போன்ற வயிறு. அந்த வயிற்றைப் பார்த்து, "நன்றாகப் பால் குடித்து வளர்ந்த குட்டி" என்று நாங்கள் எல்லோரும் பூரித்துப் போனோம். அப்பாவுக்கு மட்டும் சந்தேகம். ஆகவே சனிக்கிழமை காலை அவனைச் சைக்கிள் கூடையில் உட்கார வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போனேன். எங்கள் தெருவில் அதற்கு இன்னும் மாட்டாஸ்பத்திரி என்றுதான் பெயர்.

"இது பால் வயிறு இல்லையம்மா, பூச்சி வயிறு" என்றார் டாக்டர். அவர் கொடுத்த மருந்தை ஊற்றிய மறுநாள் முற்றத்தில் நான் கண்டதை இந்த மலரில் விவரித்து எழுதினால் தோழியர் மதிய உணவைத் தொடமாட்டார்கள். வேகவைத்த சேமியா போல இருந்தது, சில நெளிந்தன என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவை உருண்டைப் புழுக்களாம். தாய் நாயின் தசைகளில் உறங்கிக் கிடக்கும் இளம்புழுக்கள், அது சினையானதும் விழித்துக்கொண்டு வயிற்றிலிருக்கும் குட்டிகளுக்குள்ளேயே புகுந்துவிடுகின்றன. பிறந்த பிறகு பால் வழியாகவும் போகின்றன. ஆகையால்தான் குட்டி பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்தே பூச்சி மருந்து கொடுக்கத் தொடங்க வேண்டும் என்கிறார்கள். கொக்கிப்புழு என்று இன்னொன்று உண்டு. அது குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும்; குட்டி வெளுத்துப் போகும். அதன் இளம்புழு ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவர் தோலிலும் நுழைந்து, கோடு இழுத்தாற்போல் அரிப்பை உண்டாக்கும். இதைக் கேட்ட நாள் முதல் அம்மா எங்களைச் செருப்பில்லாமல் முற்றத்தில் இறங்க விடவில்லை.

டாக்டர் ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். எட்டு வாரம் ஆனதும் தடுப்பூசி போட வேண்டும். மருந்தை வெளியில் வாங்கி வர வேண்டும். அப்பாவிடம் கேட்டேன். "நாட்டு நாய்க்கு எதற்கம்மா இவ்வளவு செலவு? அதுகள் குப்பையில் கிடந்தே வளரும்" என்றார். என் உண்டியலில் பணம் இருந்தது. ஆனால் அந்த மாதம்தான் வேளாங்கண்ணி, தரங்கம்பாடி சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். நான் பெயர் கொடுத்தேன். பூச்சி மருந்துதான் ஊற்றியாகிவிட்டதே, ஊசியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சீட்டு வரலாற்றுப் புத்தகத்தில் அடையாளத் தாளாக இருந்தது. சுற்றுலாவிலிருந்து மணிக்கு ஒரு சங்குமாலை வாங்கி வந்தேன்.

ஆகஸ்ட் 13 மாலை மணி சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். இரவில் வெள்ளை நுரையாக வாந்தி எடுத்தான். "பழையபடி பூச்சிதான்" என்றேன் நான், ஒரு முறை பூச்சியைப் பார்த்துவிட்ட தைரியத்தில். பாட்டி, நாய் புல் தின்றால் தானே சரியாகிவிடும் என்றார்கள். பிறகு வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவினார்கள். நான் தெம்புக்காகப் பால் கொடுத்தேன். நல்ல குடலுக்கே சில நாய்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. 15ஆம் தேதி மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா; சுதந்திர தினமும் கூட. பூசை முடிந்து, பள்ளியில் கொடியேற்றம் முடிந்து, மிட்டாயோடு வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் இரத்தபேதி. அந்த நாற்றம் வேறு எந்த நாற்றத்தையும் போன்றதன்று. மணி என்னைக் கண்டதும் எழ முயன்றான், பின்னங்கால்கள் நிற்கவில்லை. வாலை மட்டும் ஒரு முறை தரையில் தட்டினான்.

மறுநாள் ஆகஸ்ட் 16, புனித ஆரோக்கியநாதர் திருநாள். எங்கள் கோயிலில் அவருடைய சுரூபத்தின் காலடியில் வாயில் ரொட்டியோடு ஒரு நாய் நிற்கும். கொள்ளைநோய் கண்டு காட்டில் தனியே கிடந்த அவருக்கு ஒரு நாய்தான் ரொட்டி கொண்டு வந்து கொடுத்தது என்பது வரலாறு. பாட்டி அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் மணியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

டாக்டர் ஒரு சிறிய அட்டையில் சொட்டு விட்டுப் பார்த்தார். இரண்டு கோடுகள் விழுந்தன. பார்வோ வைரஸ். மணியின் முன்னங்காலில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள். "இந்தக் கிருமியைக் கொல்ல மருந்தில்லை. உடம்பு தானே ஜெயிக்கிற வரையில் நீர்ச்சத்து வற்றாமல் பிடித்து நிறுத்துவதுதான் வைத்தியம். முதல் நாளே வந்திருந்தால்..." என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வைத்தியமே இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது குட்டிகள் பிழைப்பதில்லையாம். காலத்தோடு டிரிப் ஏற்றினால் பெரும்பாலானவை பிழைத்துவிடுமாம்.

17ஆம் தேதி விடிவதற்குள் மணி போய்விட்டான்.

அப்பா குழி வெட்டும்போது, "நான் அன்றைக்குப் பணம் கொடுத்திருக்கலாம்" என்றார். உண்டியலில் பணம் இருந்த விஷயத்தை அப்போது நான் சொல்லவில்லை. அந்த வாரப் பாவசங்கீர்த்தனத்தில்தான் சொன்னேன். அதன் பிறகு அப்பாவிடமும் சொன்னேன்.

இந்த ஆண்டு விலங்கியல் வகுப்பில் சிஸ்டர் செரிமான மண்டலம் நடத்தினார்கள். சிறுகுடலின் உட்சுவரைக் கரும்பலகையில் வரைந்தார்கள்: விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள், அவற்றுக்கு இடையே லீபர்கூன் குழிகள். குழியின் அடியில் செல்கள் ஓயாமல் பிரிந்து பிரிந்து மேலேறி, தேய்ந்து உதிரும் செல்களுக்குப் பதிலாக நிற்கின்றன. சில நாள்களில் அந்த உறையே புதிதாகிவிடுகிறது. நான் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டேன். பார்வோ வைரஸ் பிடித்துக்கொள்வது வேகமாகப் பிரியும் செல்களைத்தான். குழிக்குள் இறங்கி அந்த நாற்றங்காலையே அழித்துவிடுகிறது. மேலே உதிர்ந்தவற்றுக்கு மாற்று வருவதில்லை. விரல்கள் கரைந்து சுவர் மொட்டையாகிறது. குடித்த நீர் உள்ளே சேராது. குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் இரத்தத்துக்குள் நுழைந்துவிடும். அவற்றை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையையும் அதே வைரஸ் தாக்கியிருக்கும். மணியின் வயிற்றுக்குள் நடந்தது இதுதான். நானோ பால் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் சிஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் புத்தகங்களைத் தேடி எனக்குப் படிக்கக் கொடுத்தார்கள். இந்த நோய் 1978ஆம் ஆண்டில்தான் உலகின் பல நாடுகளில் நாய்களிடம் திடீரென்று தலைகாட்டியதாம். பூனைகளுக்கு வெகுகாலமாகவே வரும் ஒரு குடல் நோயின் வைரஸுக்கு இது நெருங்கிய உறவு. பூனைக்குட்டிகளை அது ஒரே நாளில்கூடச் சாய்த்துவிடும். பார்ப்பவர்கள் விஷம் என்றே நினைப்பார்கள். எங்கள் பின்தெருவில் இரண்டு வீட்டார் மூன்று பூனைக்குட்டிகள் செத்த காரணத்தால், நீ மீனில் மருந்து வைத்தாய் என்று சண்டையிட்டுப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். அது விஷமா நோயா என்று இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது. இருந்தாலும் பாட்டியிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் இரண்டு வீட்டுக்கும் போகிறவர்கள்.

மணி இறந்த வாரமே வேறு குட்டி கொண்டு வரலாம் என்றான் தம்பி. டாக்டர் கூடாது என்றுவிட்டார். மனிதருக்கு இந்த வைரஸ் தொற்றாது. ஆனால் மண்ணில் பல மாதங்கள், ஓர் ஆண்டுகூட உயிரோடு கிடக்கும். வழக்கமாக ஊற்றும் பினாயிலுக்கு அது அசையாது. சிமெண்டுத் தரையைப் பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவினோம். மண் முற்றத்தை என்ன செய்வது? அம்மா வேப்பமரக் கிளைகளை வெட்டி வெயில் விழச் செய்தார்கள். ஓர் ஆண்டு முழுவதும் அந்த முற்றம் வெறுமையாகவே கிடந்தது.

இப்போது வெளியூரில் அத்தை வீட்டில் எங்களுக்காக ஒரு பெட்டைக்குட்டி வளர்கிறது. ஊசியை ஏன் ஒரே தடவையில் போட்டு முடிக்கக்கூடாது என்று அத்தை கேட்டார்கள். தாயின் சீம்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையும் எதிரியென்று எண்ணி அழித்துவிடும். அது எந்த வாரம் தீரும் என்று வெளியே தெரியாது. ஆகவே எட்டாம் வாரம் தொடங்கிப் பதினாறாம் வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டும் என்று, டாக்டர் எனக்குச் சொன்னபடியே டெலிபோனில் சொன்னேன். முதல் இரண்டு ஊசிகளுக்கும் என் உண்டியல் பணம் போயிற்று. மூன்றாவதற்கு அப்பா தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. தம்பி நாள்காட்டியில் தேதிகளை அடித்துக்கொண்டு வருகிறான்.

— ஒரு மாணவி, பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு