விஞ்ஞானிகளை நிறுத்திவைத்த ஊர்!

சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்தால், முட்டைக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் நடுவே இன்சுலின் இருக்கும். ஒரு காலத்தில் அதைப் பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். இன்று மரபணு மாற்றப்பட்ட பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் அதைச் செய்து தருகின்றன.

இந்தத் தொழில்நுட்பத்தை, அது பிறந்த வேகத்திலேயே ஓர் ஊர் கை காட்டி நிறுத்தியது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ். ஹார்வர்டும் எம்.ஐ.டி-யும் இருக்கும் அதே ஊர்.

1976-ல் மரபணு ஒட்டு ஆராய்ச்சிக்காக ஹார்வர்டில் தனி ஆய்வகம் கட்டத் திட்டமிட்டார்கள். மனிதக் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வேறு உயிரின் மரபணுவை நுழைக்கிறார்கள். அது ஆய்வகத்தைவிட்டு வெளியே வந்தால் என்ன ஆகும் என்று கேட்டார் மேயர் ஆல்ஃபிரட் வெலூச்சி. மனிதருக்கு ஹார்வர்டோடு பழைய பகை உண்டு. அதன் வளாகத்தையே கார் பார்க்கிங் ஆக்க வேண்டும் என்று சொன்னவர். அதனால் 'அரசியல்' என்று பலர் சிரித்தார்கள். ஆனால், நோபல் பரிசு பெற்ற ஹார்வர்டு விஞ்ஞானி ஜார்ஜ் வால்டும் அதே கேள்வியைக் கேட்டார். சிரிப்பு அடங்கியது.

நகராட்சி மூன்று மாதத் தடை போட்டது; பிறகு நீட்டித்தது. முடிவெடுக்க ஒரு குழுவையும் அமைத்தது. அதில் நர்ஸாக வேலை பார்த்த கன்னியாஸ்திரி இருந்தார், எண்ணெய் வியாபாரி இருந்தார். மரபணு ஆராய்ச்சியாளர் ஒருவர்கூட இல்லை! இரு தரப்பு விஞ்ஞானிகளும் இவர்களிடம் வந்து, புரியும் மொழியில் விளக்க வேண்டியிருந்தது. இந்தக் கதையில் மிக அழகான இடம் இதுதான். 'உங்களுக்கெல்லாம் புரியாது' என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை.

1977 ஜனவரியில் குழு சொன்ன முடிவு: ஆராய்ச்சி நடக்கட்டும், ஆனால் மத்திய அரசின் விதிகளைவிடக் கூடுதல் பாதுகாப்போடு. அடுத்த மாதமே அது நகரச் சட்டமானது.

தாமதத்துக்கு விலை இல்லாமல் இல்லை. பின்னாளில் எலியின் இன்சுலின் மரபணுவை ஆராய்ந்த லிடியா வில்லா-கோமரோஃப், தடையால் வேறு ஊர் ஆய்வகத்துக்குப் போக நேர்ந்தது. மனித மரபணுவுக்கு மத்திய அரசின் விதி இன்னும் கடுமை. ஹார்வர்டின் வால்டர் கில்பர்ட் குழு, 1978-ல் இங்கிலாந்தின் போர்டன் டவுன் ராணுவக் கிருமி ஆய்வகம்வரை போனது. சர்க்கரை மருந்துக்குக் கிருமிப்போர்க் கூடம்! கடைசியில் அங்கே கிடைத்ததும் எலி மரபணுதான், மாதிரியில் கலப்படமாகியிருந்தது. கலிஃபோர்னியாவின் ஜெனென்டெக் குழுவோ, மரபணுவை ரசாயன முறையில் தானே தயாரித்ததால் அந்த விதிக்குள் வரவில்லை. போட்டியில் ஜெயித்தது. 1982-ல் அந்த இன்சுலினுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது.

அஞ்சிய கிருமி வெளியே வரவில்லை. அதற்காக அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. 1976-ல் அது யாருக்கும் தெரியாது. விபத்து நடந்தால் முதலில் பாதிக்கப்படுவது பக்கத்துத் தெருக்காரர்கள். அவர்களைக் கேட்டதில் என்ன தப்பு?

இத்தனை கெடுபிடியால் கம்பெனிகள் ஓடிவிடும் என்றுதானே தோன்றும்? நடந்தது நேர்மாறு. விதி தெளிவாக இருந்த ஊரைத் தேடி பயோஜென் வந்தது. கொரோனா தடுப்பூசி தயாரித்த மாடர்னாவின் தலைமையகமும் அங்கேதான். மரபணு ஒட்டு ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால், கேம்பிரிட்ஜில் இன்றும் நகர நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும்.