நின்றவரும் வீரரே

“முன்வைத்த காலைப் பின்வைக்காதே” என்று நம் பெரியோர் கூறுவர். பள்ளி விளையாட்டுப் போட்டி நாளன்று திடலோரத்தில் நின்று நாமும் இதனையே உரக்கக் கூவுகிறோம். இடையில் நின்றுவிட்டவனைக் கோழை என்று எண்ணுவது உலக வழக்கம். ஆயினும், பின்வைத்த காலிலும் வீரம் உண்டு என்பதை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று கார்ப் பந்தய வரலாற்றில் உள்ளது. அது 1976ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், ஜப்பான் நாட்டின் பியூஜி பந்தயத் திடலில் நிகழ்ந்தது.

பார்முலா ஒன் என்பது கார்ப் பந்தயங்களுள் தலையாயது. அவ்வாண்டில் அது பல நாடுகளில் 16 பந்தயங்களாக நடைபெற்றது. ஒவ்வொரு பந்தயத்திலும் முதலில் வருபவருக்கு 9 புள்ளிகள். அடுத்து வருவோருக்கு 6, 4, 3, 2, 1 என்று புள்ளிகள் குறையும். ஆண்டு முடிவில் மிகுதியான புள்ளிகள் பெற்றவரே உலக வெற்றியாளர். பியூஜியில் நடந்தது அவ்வாண்டின் இறுதிப் பந்தயம். ஆஸ்திரிய நாட்டின் நிக்கி லௌடா 68 புள்ளிகளுடனும், இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஹண்ட் 65 புள்ளிகளுடனும் களம் புகுந்தனர்.

லௌடா அங்கு வந்து சேர்ந்ததே வியப்புக்குரியது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள் ஜெர்மனியில் நடந்த பந்தயத்தில் அவருடைய கார் மோதித் தீப்பற்றியது. சக ஓட்டுநர் நால்வர் ஓடிவந்து அவரை நெருப்பிலிருந்து மீட்டனர். முகம் கருகியது, நச்சுப் புகையால் நுரையீரலும் பாதிக்கப்பட்டது. பிழைக்கமாட்டார் என்று கருதி, பாதிரியார் வந்து இறுதிச் சடங்கு வழிபாட்டையும் செய்துவிட்டார். அத்தகையவர் ஆறே வாரங்களில், ஆறாத புண்களோடு இத்தாலியப் பந்தயத்தில் கலந்துகொண்டு நான்காவதாக வந்தார். இவரைக் கோழை என்று எவரேனும் கூற இயலுமா?

பியூஜியில் அன்று கடும் மழை, மூடுபனியும் சூழ்ந்திருந்தது. பாதையில் நீர் தேங்கினால், விரையும் காரின் சக்கரங்கள் தரையைத் தொடாமல் நீரின்மேல் மிதக்கும். அவ்வேளையில் திருப்புவதும் நிறுத்துவதும் ஓட்டுநரின் கையில் இல்லை. முன்செல்லும் காரின் சக்கரங்கள் வாரியிறைக்கும் நீர், பின்வருபவரின் கண்ணை மறைக்கும். தீயில் வெந்த இமைகளைச் சரிவர மூடித் திறக்க இயலாத லௌடாவுக்கு அது மேலும் பெருந்துன்பமாயிற்று.

பந்தயம் காலம் தாழ்த்தித் தொடங்கப்பட்டது. இரண்டு சுற்றுகள் முடிந்ததும் லௌடா தம் காரை நிறுத்தி இறங்கிவிட்டார். இயந்திரக் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்றார் அவருடைய குழுவின் பொறியாளர் மௌரோ போர்கியேரி. லௌடா அதற்கு இணங்கவில்லை. ஓட்டுவது பேராபத்து என்பதால் தாமே விலகியதாக மறைக்காமல் கூறினார். இரு முறை உலக வெற்றியாளரான எமர்சன் பிட்டிபால்டியும் அன்று பாதியிலேயே விலகினார்.

ஹண்ட் தொடர்ந்து ஓட்டினார். முன்னணியில் சென்ற அவருடைய சக்கரம் இறுதிக் கட்டத்தில் பழுதுற்றது. மாற்றிக்கொண்டு விரைந்து, மூன்றாவதாக வந்து 4 புள்ளிகள் பெற்றார். 69க்கு 68 என ஒரே புள்ளியில் பட்டம் அவருக்குச் சென்றது. அவர் வெற்றியும் உழைத்துப் பெற்ற வெற்றியே. லௌடாவை இத்தாலியச் செய்தித்தாள்கள் பழித்தன. அவரோ மறு ஆண்டே, 1977இல், மீண்டும் உலக வெற்றியாளரானார். 1984இல் அரைப் புள்ளி வேறுபாட்டில் மூன்றாம் முறையும் பட்டம் வென்றார். 2019இல், 70ஆம் வயதில் காலமானார்.

இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் நம் நெஞ்சில் நிலைப்பது அவர் வென்ற பட்டங்களன்று; அவர் மறுத்த அந்தப் பொய்யே. ஒரு சிறு பொய் அவர் பெயரைக் காத்திருக்கும். அதனை விடுத்து, உலகத்தார் முன் “அஞ்சினேன்” என்று ஒப்புக்கொள்ள எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

மாணவச் செல்வங்களே! பெருகியோடும் ஆற்றில் குதிக்குமாறு தோழர்கள் தூண்டினால், “மாட்டேன்” என்று கூறத் தயங்காதீர்கள். வயிற்றுவலி என்று சாக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோர்களே! ஓட முடியவில்லை என்று பிள்ளை திடலில் நின்றால், ஏன் நின்றாய் என்று கடிந்துகொள்ளுமுன், என்ன செய்கிறது என்று கேளுங்கள். உண்மையைச் சொல்லும் பிள்ளைக்கு வீட்டில் இடம் இருத்தல் வேண்டும். ஓட வேண்டிய வேளையில் ஓடவும், நிற்க வேண்டிய வேளையில் நிற்கவும் நம் பிள்ளைகளைப் பழக்குவோமாக!