யத்தகான் வாள் பிறந்த ஊரில்

துருக்கி தேசத்தின் தென்மேற்குப் பாகத்திலுள்ள தெனிஸ்லி நகருக்குச் செல்லும் பிரயாணிகள், அருகேயுள்ள பாமுக்கலேயின் வெண்ணிறச் சுண்ணப் படிகளைக் கண்டு களித்துத் திரும்பிவிடுவது வழக்கம். நாமோ அங்கிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் சிறிய பஸ் வண்டியொன்றில் ஏறினோம். செரின்ஹிசாரை அடைந்ததும் கடலை வறுக்கும் மணம் மூக்கைத் துளைத்தது. வறுகடலைக்குப் பேர்போன ஊர் அது. அதன் அயலிலே இருப்பது யத்தகான். முக்லா மாகாணத்திலும் இதே பெயருடன் ஓர் ஊருண்டு. அங்கு பிரசித்தமானது அனல் மின்நிலையம். பயணச்சீட்டு வாங்குவோர் கவனிப்பார்களாக!

ஊரின் பெயரும் வாளின் பெயரும் ஒன்றே. தம்மூர்க் கொல்லராலேயே வாளுக்கு இப்பெயர் வந்ததென்பது ஊரார் கொள்கை. வளைந்த வாள்களில் வெளிப்புற வளைவிலே கூர் இருப்பதையே நாம் கண்டிருக்கிறோம். யத்தகானுக்கோ அரிவாளைப் போல உட்புறத்தே கூர். கைக்குக் காப்பில்லை; பிடியின் நுனியில் இரு காதுகள் விரிந்து, வாள் கை நழுவாமல் தடுக்கின்றன. 1826 ஆம் ஆண்டில் கலைக்கப்பட்ட ஜானிசாரிப் படையினர் இதனை இடைக்கச்சையில் செருகித் திரிந்தனர். சுல்தான் சுலைமானுக்காக அஹமத் தெக்கெலு என்பார் 1526-27 இல் செய்த யத்தகான், இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் இன்றும் இருக்கிறது.

இன்று ஊரில் பெரும்பாலும் செய்யப்படுபவை சமையற் கத்திகளே. எனினும், நாம் சென்ற பட்டறையில் ஒரு முதியவர் வாளொன்றை முடிக்கும் தறுவாயில் இருந்தார். யாவரும் அவரை 'உஸ்தா' என்றே விளித்தனர். தலைமைத் தொழிலாளி என்பது பொருள். மறுவாரம் கொடுத்துவிட வேண்டிய வேலை என்று, ஆங்கிலம் கற்ற அவருடைய மருமகன் எமக்குச் சொன்னான். உருக்குப் பாளத்தைக் காய்ச்சி, சம்மட்டியால் நீட்டி, வளைத்து, அரத்தால் உருக்கொடுப்பதில் பல நாட்கள் கழிந்திருந்தன. எஞ்சியது தோய்ச்சல்.

உலை சூடேறும்வரை தேநீர் வந்தது. நாம் இலங்கையர் என்றதும் பேச்சு இரும்பின் மேற் சென்றது. ஒன்பதாம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீப் வாள்களும் பேசப்படுகின்றன. ஸரந்தீப் எமது நாடே. சமனலவெவ மலைச்சரிவுகளில் பருவக்காற்றைக் கொண்டே உலை எரித்து இரும்பு உருக்கினர் எமது முன்னோர். அதனை ஜில் ஜூலெவ் என்னும் ஆய்வாளர் 1996 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். மருமகன் இதனை மொழிபெயர்த்ததும் உஸ்தா சிரித்து, "துருத்தி ஊதுபவனுக்குக் கூலி மிச்சம்!" என்றார்.

பின்னர் கதவு சாத்தப்பட்டது. பகலொளியில் இரும்பின் நிறம் ஏமாற்றிவிடுமாம். வாளை உலையில் முன்னும் பின்னுமாக அசைத்து, காந்தமொன்றை இடையிடையே அருகிற் கொண்டுபோனார். காந்தம் பற்றாத பதம் வந்ததும் ஒரே வீச்சில் எண்ணெய்த் தொட்டியில் இறக்கினார். தீ எழுந்தது; புகை எழுந்தது. அப்போது மெல்லிய ஓர் ஒலி கேட்டது, கண்ணாடிக் குவளையில் நகம் பட்டாற்போல.

எமக்கு அது ஒன்றுமாகத் தோன்றவில்லை. ஆனால் மருமகனின் முகம் வாடிவிட்டது. கூர்ப்பக்கம் மெல்லியது, முதுகு தடித்தது. இரண்டும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. அந்த இழுபறியில் வாளின் நடுவே மயிரிழை போன்ற வெடிப்பு ஓடியிருந்தது. உஸ்தா அதனை விரல் நுனியால் இருமுறை தடவிப் பார்த்தார். எவரையும் கடிந்துகொள்ளவில்லை. புதிய பாளமொன்றை எடுத்து உலையிலிட்டார்.

வெடிப்புக்கு அப்பாலிருந்த நல்ல பாகத்தைக் கத்தியாக்கித் தருவாரோ என்று கேட்டோம். மறுநாட் காலை, எருமைக்கொம்புப் பிடி போட்டுக் கொடுத்தார். விலையாகச் சாதாரணச் சமையற் கத்தியின் விலையே பெற்றார். சுண்டங்காய் நறுக்குவதற்கு அது சற்றுப் பெரிதென்பது வீட்டாரின் முறைப்பாடு. பூசணிக்காய்க்கோ வேறு கத்தியைத் தொடுவதேயில்லை.