பின்விளக்கு

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பர் நம்மவர். இம்முதுமொழியின் பொருளை நான் ஏட்டிற் கற்கவில்லை. ஐயாவின் பழைய காரொன்றின் பின்விளக்கிலேயே கற்றேன்.

அது 1958 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்து, இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை ஏறத்தாழ 16 இலட்சம் எண்ணிக்கையில் உருவாகிய இனத்தைச் சேர்ந்தது. ஆசிரியராயிருந்த ஐயா அதனை இரண்டாம் கையாக வாங்கியிருந்தார். சனிக்கிழமை தோறும் அதனைக் கழுவித் துடைத்து, எண்ணெய், தண்ணீர், காற்று, விளக்கு ஆகியவற்றைப் பார்ப்பது என் கடமை. முன்விளக்கின் வெள்ளி வளையத்தை முகம் தெரியும்வரை துடைப்பேன். பின்விளக்கைப் பார்க்கவோ ஒருவர் பிறேக்கை மிதிக்க, மற்றொருவர் பின்னே நிற்றல் வேண்டும். துணைக்கு ஆள் தேடும் சோம்பலால் அதனைப் பல வாரம் பாராமலே விட்டேன்.

1979 மார்கழியில் ஓரிரவு யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை தூறிற்று. வல்லைவெளியில் விளக்கும் இல்லை, வீடும் இல்லை. வீதியின் நடுவே கட்டாக்காலி மாடுகள் நிற்கக் கண்ட ஐயா காரை மெல்ல நிறுத்தினார். மறுகணம் பின்னால் பேரோசை எழுந்தது. மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர் ஒருவர் எங்கள் காரின் வலப்பின்புறத்தில் மோதி வீழ்ந்து கிடந்தார். அவருடைய முன்கை முறிந்திருந்தது. "முன்னாலை கார் நிண்டது தெரியேல்லை, ஐயா" என்று மட்டும் முனகினார். "பிழை என்ரைதான் தம்பி" என்றார் ஐயா.

அவரை ஆசுபத்திரியிற் சேர்த்துவிட்டுத் திரும்புகையில் ஐயா என்னிடம் கேட்டார்: "சனிக்கிழமை பின் லைற் பாத்தனியோ?"

"ஓம்" என்றேன்.

மறுநாள் எங்கள் ஊர் மெக்கானிக் வந்து, உடையாது தப்பிய இடப்புற விளக்கை எரியவிட்டுப் பார்த்தார். சாம்பல் மூடிய தணல்போல் அது மங்கிற்று. சிவப்பு மூடியைக் கழற்றிக் குமிழை அழுத்தித் திருப்பி வெளியே எடுத்தார். இரு இழைகளும் பழுதின்றி இருந்தன. ஆனால் குமிழைத் தாங்கும் பித்தளையிற் பச்சைக் களிம்பும், அது உடலைத் தொடுமிடத்தில் துருவும் படிந்திருந்தன. நொறுங்கிய வலப்புறத்திலும் அதே களிம்புதான். "பல்ப்பிலை பிழையில்லை மாஸ்ரர், உப்புக்காத்துச் செய்த வேலை" என்றார் அவர். ஐயா என்னை ஒருமுறை பார்த்தார். காற்று என் பழியை ஏற்றுக்கொண்டது. நான் வாய் திறக்கவில்லை.

அக்குமிழின் இயல்பைப் பின்னரே பௌதிகம் வாயிலாக விளங்கிக்கொண்டேன். அதனுள் இரு இழைகள் உள. 5 உவாற்று இழை இரவில் எப்போதும் எரிவது, 21 உவாற்று இழை பிறேக்கை மிதிக்கும்போது எரிவது. இடம் மாறிப் பொருத்தாதிருக்கவே அதன் இரு முளைகளும் வெவ்வேறு உயரத்தில் அமைக்கப்பட்டுள்ளன. மின் திரும்பிச் செல்லும் வழியோ இரண்டுக்கும் ஒன்றே. அது காரின் இரும்புடல். 12 உவோற்றில் எரியும் பெரிய இழையின் தடை ஏறத்தாழ 7 ஓம். புவித்தொடுப்பிலே துரு 1 ஓம் தடையை விளைத்தாலும் இழைக்குக் கிட்டுவது பத்தரை உவோற்றே. ஒளியோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குன்றிவிடும். தொடுப்பு முற்றாக அற்றால், மின் சிறிய இழையின் வழியே மறுபுற விளக்கைச் சுற்றித் திரும்ப முயலும். பிறேக்கை மிதிக்கையில் மங்கல் ஒளியே தோன்றும். சாரதிக்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது.

பரிகாரம் எளியது. களிம்பை அரத்தாளினால் உலோகம் மின்னும்வரை தேய்த்தல் வேண்டும். குமிழ்த்தாங்கியிலிருந்து காரின் உடலுக்குத் தனியொரு கம்பி இழுத்து, துரு நீக்கிய இடத்தில் இறுக்கி, மேலே சிறிது வசலின் பூசுதல் வேண்டும். மூடியின் இறப்பர் வளையம் வெடித்திருப்பின் மாற்றுதல் வேண்டும். நீர் புகுவது அவ்வழியே. வெயிலில் வெளிறிய மூடியையும் வைத்திருத்தல் ஆகாது. இவ்வளவுக்கும் ஒரு முற்பகல் போதும். அந்த முற்பகலைத்தான் நான் கொடுக்கவில்லை.

அவ்விளைஞரின் கை பொருந்தும்வரை ஐயா வாரந்தோறும் அவர் வீடு சென்று வந்தார். செலவையும் தாமே ஏற்றார். அதன்பின் பின்விளக்கைப் பார்க்கும் வேலையை அவர் என்னிடம் விடவில்லை. அந்திப்பொழுதில் காரை வெள்ளைச் சுவரை நோக்கிப் பின்னே செலுத்தி, பிறேக்கை மிதித்து, சுவரிற் சிவப்பு விழுகின்றதா என்று கண்ணாடியிற் பார்ப்பார். காரணத்தை அவர் ஒருபோதும் கூறியதில்லை. நானும் கேட்டதில்லை.

1990 களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய அக்கார் இன்று என் பொறுப்பில் உள்ளது. இழையில்லாத எல்.ஈ.டி. குமிழ்களைப் பொருத்துமாறு நண்பர்கள் கூறுகின்றனர். அவை குறைந்த மின்னில் எரிவன, நெடுநாள் உழைப்பன. ஆயின் இக்காரிலே பற்றரியின் நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டுள்ளது. எதிர்முனைத் தொடுப்புக்கெனச் செய்த எல்.ஈ.டி. இதில் எரியாது. வெள்ளை எல்.ஈ.டி. சிவப்பு மூடியினூடே வெளிறித் தோன்றும், சிவப்பு எல்.ஈ.டி.யே ஏற்றது. எதனைப் பொருத்தினும் தொடுப்பைத் துடைக்கும் வேலை மட்டும் மாறுவதில்லை.

ஐயா மறைந்து பல ஆண்டுகளாயின. அன்று நான் சொன்ன "ஓம்" பொய்யென்பதை அவர் அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன். அவரிடம் கூறாததை இங்கே எழுதுகிறேன். இன்றும் இரவுப் பயணத்துக்கு முன் மகளைக் காரின் பின்னே நிற்கச் சொல்வேன். பிறேக்கை மிதித்துவிட்டு, "எரியுதோ?" என்று கேட்பேன். அவள் "ஓம் அப்பா" என்பாள். ஆயினும் ஒருமுறை இறங்கிச் சென்று, அவளை மிதிக்கச் செய்து, நானும் பார்த்துவிட்டே புறப்படுவேன்.