கணினியோடு உரிமையும் கைமாறட்டும்

உட்லண்ட்ஸில் எங்கள் வட்டாரத்துப் புளோக்குகளுக்குள் பழைய மடிக்கணினிகள் கைமாறிக்கொண்டே இருக்கும். அண்ணன் புதிது வாங்கியதும் பழையது தங்கைக்கு வரும். வேலையிடத்தில் கழித்துவிட்டது ஊழியரின் பிள்ளைக்கு வரும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது விமானம் ஏறி இங்கே வரும். எது வந்தாலும் முதல் வேலை ஃபார்மேட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான். அது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதன்பிறகு திரையின் வலது கீழ் மூலையில் ‘விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்’ என்று மங்கலான எழுத்து தோன்றினால்தான் சிக்கல்.

கோவிட் பரவலால் 2020 ஏப்ரல் 8ஆம் தேதி சிங்கப்பூர் மாணவர்கள் அனைவரும் வீட்டிலிருந்து கற்கத் தொடங்கினார்கள். அந்த வாரங்களில் பலர் என்னிடம் கணினியைக் கொண்டுவந்தார்கள். ஓர் அக்காவின் மகனுக்கு அவர் துப்புரவு வேலை பார்த்த அலுவலகத்தில் பழைய மடிக்கணினி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வரோடு இணைய முடியவில்லை என்று அது திரும்பத் திரும்பச் சொன்னது. அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்: “தம்பி, இது திருட்டுப் பொருள்னு சொல்லுதா?” அந்தக் கேள்வி என்னை உலுக்கியது. நேர்மையாகப் பெற்ற பொருளுக்காக ஒரு தாய் தலைகுனிய வேண்டிய நிலையை ஒரு வரி எழுத்து உண்டாக்கிவிட்டது.

இந்த ஆக்டிவேஷன் முறை ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே வட்டை வாங்கிப் பல வீடுகளில் விண்டோஸ் போட்டுக்கொள்வது ஒரு காலத்தில் சாதாரணம். அதைத் தடுக்க, 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியோடு ஆக்டிவேஷன் வீடுகளுக்கு வந்தது. 25 எழுத்தும் எண்ணும் கொண்ட புராடக்ட் கீயைத் தட்டி, 30 நாளுக்குள் இணையம் வழியாக உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. இணையம் இல்லாதவர்கள் ஐம்பதுக்கு மேற்பட்ட இலக்கங்களைத் தொலைபேசியில் சொல்லி, பதிலுக்கு வரும் இலக்கங்களைக் குறித்துக்கொண்டு உள்ளிட வேண்டியிருந்தது. தயாரிப்பாளர் தன் உழைப்பைக் காத்துக்கொள்வதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், கை மாறி வந்த கணினியின் கடைசிச் சொந்தக்காரர்தான் அந்தக் காவலுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உரிமை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். விண்டோஸ் 7 காலம் வரை, கடையில் வாங்கிய கணினியின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த வில்லையில் அது இருந்தது. தேய்ந்துபோன வில்லையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்த அனுபவம் என் போன்ற பலருக்கு இருக்கும். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது பெரிய தயாரிப்பாளர்கள் கீயை மதர்போர்டிலுள்ள சிப்பிலேயே பதித்துத் தரத் தொடங்கினார்கள். 2015இல் வந்த விண்டோஸ் 10, கணினியின் பாகங்களை அடையாளம் வைத்து மைக்ரோசாஃப்ட் சர்வரிலேயே உரிமையைப் பதிந்துகொண்டது. அதனால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டாலும் ஒன்றும் ஆகாது. விண்டோஸ் போடும்போது ‘என்னிடம் கீ இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பிறகு இணையத்தில் இணைத்தால் போதும். மதர்போர்டை மாற்றினால்தான் கதை மாறும். கணினியோடு சேர்ந்து வந்த உரிமை பழைய போர்டோடு போய்விடும். தனியாகக் காசு கொடுத்து வாங்கியதை மட்டுமே இன்னொரு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பதிப்பு பொருந்தாததும் அடிக்கடி வரும் தொல்லை. இந்தியாவில் விற்கும் பல மடிக்கணினிகளில் ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ பதிப்பு இருக்கும். அதில் புரோ பதிப்பை ஏற்றினால் சிப்பிலுள்ள கீ அதற்குப் பொருந்தாது. அக்காவின் கணினியிலும் நடந்தது இதுபோன்றதே. நிறுவனம் தன் மொத்த உரிமத்தில் எண்டர்பிரைஸ் பதிப்பைப் போட்டிருந்தது. அவ்வகை உரிமத்தில் 180 நாளுக்குள் நிறுவன சர்வரைத் தொட்டுப் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் அது எப்படி முடியும்? துடைத்துவிட்டு புரோ பதிப்பைப் போட்டேன். தொழிற்சாலையில் பதித்த கீ அடியில் அப்படியே இருந்தது. இணையத்தில் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆனது. சில நிறுவனக் கணினிகளில் இதுவும் பலிக்காது. நிறுவனம் தன் நிர்வாகப் பட்டியலிலிருந்து அந்தக் கணினியை நீக்காவிட்டால், புதிதாக விண்டோஸ் போட்டாலும் நிறுவனக் கணக்கைத்தான் கேட்கும். கொடுத்தவர் மனம் வைத்தால் மட்டுமே அது திறக்கும்.

இந்த இடத்தில்தான் கிராக் என்னும் ஆசை வரும். இலவசமாகக் கிடைக்கும் ஆக்டிவேட்டரை ஓட்டச் சொல்வார்கள். அதை ஓட்ட ஆண்டிவைரஸை நிறுத்தி, யார் எழுதியது என்றே தெரியாத நிரலுக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் தர வேண்டும். பிள்ளையின் பாடமும் அம்மாவின் வங்கிக் கணக்கும் ஒன்றாக இருக்கும் இயந்திரத்தில் அதைச் செய்வது உதவி ஆகாது. ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ் 10 அன்றைக்கே நின்றுவிடுவதும் இல்லை. வால்பேப்பர் போன்ற அலங்காரங்களைத்தான் பூட்டி வைக்கும். வழி தேட நேரம் உண்டு. உரிமை கிடைக்கவே இல்லையென்றால் உபுண்டு போன்ற லினக்ஸ் இருக்கிறது. அதற்கு ஆக்டிவேஷனே கிடையாது. நம் மாணவர் கற்றல் தளம் பிரவுசரில் திறப்பது, அதிலும் திறக்கும்.

அதே 2020இல் எஞ்சினியரிங் குட் என்ற தொண்டு அமைப்பு பழைய மடிக்கணினிகளைத் திரட்டியது. தொண்டூழியர்கள் அவற்றைச் சீராக்கி, வசதி குறைந்த குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். கொடை என்பது பெறுபவர் அச்சமின்றிப் பயன்படுத்தும் நிலையில் ஒரு பொருளைத் தருவது என்பதை அந்தப் பணி எனக்குப் புரியவைத்தது. வீட்டை விற்பவர் சாவியை மட்டும் நீட்டிவிட்டுப் பத்திரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வதில்லை.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினிகளும் பழைய பிராசஸர் உள்ளவையும் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறா. ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேரும் இந்தத் தீவில், அவற்றில் நல்லவையேனும் பிள்ளைகளின் கைக்குப் போகட்டும். கொடுக்கும் முன் உங்கள் கணக்கிலிருந்து கணினியை நீக்குங்கள். எந்தப் பதிப்பு, உரிமை சிப்பில் உள்ளதா தனியாக வாங்கியதா என்று ஒரு தாளில் எழுதி அதோடு கொடுங்கள். நிறுவனங்கள் கழிக்கும் நாளிலேயே பட்டியலிலிருந்து விடுவித்துவிட வேண்டும். பெற்றுக்கொள்பவர்களும் இவற்றைத் தயங்காமல் கேளுங்கள். கொடுப்பவருக்குப் பத்து நிமிட வேலை. அதைச் செய்தால் எந்தத் தாயும் அந்தக் கேள்வியைக் கேட்க நேராது.