பழைய குழாய், புதிய சிறுநீரகம்

எங்கள் அண்ணா அக்காவுக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அக்காவுக்கு வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. ஸ்கேனில் பார்த்தால், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாய் சுருங்கி, சிறுநீர் மேலே தேங்கி நின்றது.

மாற்றி வைத்த சிறுநீரகத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்துவிடுவதால், அடைப்பு வந்தாலும் பெரும்பாலும் வலிக்காது என்று வைத்தியர் விளக்கினார். அந்தக் குழாயின் கீழ்முனைக்குத்தான் இரத்தம் குறைவாகப் போகும். அதனால் பெரும்பாலும் அங்கேதான் பழுது வரும்.

அண்ணா கொடுத்தது வீணாகிவிடுமோ என்று பயந்து ஜெபித்தோம். முதலில் வயிற்றின் வழியே மெல்லிய டியூப் போட்டுச் சிறுநீரை வெளியே எடுத்தார்கள். பிறகு சத்திரசிகிச்சை செய்து, அக்காவின் சொந்தக் குழாயையே புதிய சிறுநீரகத்தோடு இணைத்தார்கள். பழுதான பழைய சிறுநீரகத்தோடு சும்மா கிடந்த குழாய் அது! இன்று அண்ணாவின் சிறுநீரகம் அதன் வழியாகத்தான் வேலை செய்கிறது.

தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டிலும் மாற்றுச் சிறுநீரகத்தோடு ஒருவர் இருந்தால், ஜெபிப்பதோடு கிளினிக்குக்கும் தவறாமல் கூட்டிப் போங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.