மார்கழிக் குளிரில் மிரளும் குதிரை

அம்பாசமுத்திரம் பக்கம் மட்டக்குதிரை வளர்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் குதிரை வேலையில்லாமல் லாயத்திலேயே நிற்கும். கொள்ளு மட்டும் குறையாது. மார்கழி விடியலில் குளிர்காற்று பட்டதும் காது விறைக்கும், வாழை இலை சலசலத்தாலே துள்ளும். "திமிரு ஏறிட்டுல்லா அண்ணாச்சி, நாலு சாத்து சாத்துங்க. இல்லைன்னா வித்துருங்க" என்பார்கள். நான் அடிக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. அது திமிர் அல்ல. செலவாகாத தெம்பும், சூடேறாத உடம்பும்தான்.

நம் தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த காயல் துறைமுகத்தில், 13-ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து குதிரைகள் வந்து இறங்கின. பாண்டியர் வாங்கியவற்றில் பெரும்பகுதி, பராமரிக்கத் தெரியாமலே மாண்டதாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்.

வேலையில்லாத நாளில் கொள்ளைப் பாதியாக்கி, புல்லைக் கூட்டுங்கள். கடிவாள இரும்பை உள்ளங்கையில் சூடாக்கி வாயில் கொடுங்கள். கையில் பிடித்துக் கால் மணி நேரம் நடத்துங்கள். வயிற்று வாரை இரண்டு மூன்று தடவையாக இறுக்குங்கள். ஏறியபின் மிரண்டால் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்காதீர்கள், பயம் கூடும். வட்டமாகத் திருப்பி நடக்க விடுங்கள். கழுத்தைத் தாழ்த்தி மூச்சை ஊதினால் இளகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம்தான் ஓட்டம்.

வெயில் ஏறியும் முரண்டு பிடித்தால் முதுகுப் புண், பல், லாடம் மூன்றையும் பாருங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் சாட்டையைத் தொடாதீர்கள்.